ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் மவுண்ட் வாங்குறப்ப பண்ற தப்புகள்

குறி பாக்குற ஸ்கோப்புக்கு நாலாயிரம் யோசிக்காம குடுப்போம், அதை ரைபிள் மேல பிடிச்சு வைக்கிற மவுண்ட்டுக்கு நானூறுக்கு மேல போனா மனசு வராது. நானும் அப்படித்தான் இருந்தேன். என் ஸ்பிரிங் ரைபிள் முதல் ஒரு வாரம் அருமையா அடிச்சுச்சு, 20 மீட்டர்ல பாட்டில் மூடி தப்பாது, அப்புறம் திடீர்னு பெல்லட் கீழ போக ஆரம்பிச்சது, ஜீரோ பண்ணி, அதாவது குறியும் பெல்லட் படுற இடமும் ஒண்ணா வர்ற மாதிரி திருத்தி, வச்சா மறுநாள் வேற எங்கயோ போகுது, கடைக்காரர்கிட்ட கேட்டா "ஸ்கோப் போயிருச்சு சார்"னுட்டாரு, நம்பி அதைப் பாதி விலைக்குத் தள்ளிட்டு வேற ஸ்கோப் வாங்கி அதே மவுண்ட்ல மாட்டினேன். அதே கூத்து. அப்புறந்தான் குனிஞ்சு பாத்தேன், மவுண்ட் பின்னாடி நகர்ந்து நகர்ந்து ரயில்ல, அதாவது ரைபிள் மேல மவுண்ட் மாட்டுற தண்டவாளத்துல, ஒரு 3 மில்லிமீட்டருக்கு பெயிண்ட் உரிஞ்ச தடம். வித்த ஸ்கோப் இன்னிக்கும் ஒரு நண்பன்கிட்ட ஜோரா வேலை செய்யுது, பாக்குறப்பல்லாம் வயிறு எரியும்.

மவுண்ட்ல சின்ன ஆட்டம் இருந்தா என்ன ஆகிடப்போகுதுன்னு நெனைக்காதீங்க. ஸ்கோப்பைப் பிடிக்கிற ரெண்டு ரிங்குக்கும் நடுவுல 10 சென்டிமீட்டர் இருக்குன்னு வைங்க. ஒரு ரிங் 0.1 மில்லிமீட்டர், அதாவது சாதா ஏ4 பேப்பர் தடிமன், ஏறினாலோ இறங்கினாலோ 20 மீட்டர்ல பெல்லட் விழுற இடம் 2 சென்டிமீட்டர் மாறும். ஸ்கோப் திருகுல ஒரு கிளிக், அதாவது கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏன்னா டிகிரியில அறுபதுல ஒரு பங்கு), அதே தூரத்துல ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒரு பேப்பர் தடிமன் ஆட்டம் பதிமூணு பதினாலு கிளிக்கை முழுங்கிரும்.

இப்ப முக்கியமான தப்புக்கு வரேன், "ரிகாயில்ல தாங்கும்"னு போட்டிருந்தா போதும்னு நெனைக்கிறது. ஸ்பிரிங் ஏர் ரைபிள் உதை தோட்டா துப்பாக்கி உதை மாதிரி கிடையாது. ட்ரிக்கரை இழுத்ததும் உள்ள இருக்கிற பிஸ்டன் முன்னாடி பாயுது, அதனால ரைபிள் பின்னாடி வருது, அடுத்த நொடியே, நொடி கூட இல்ல, பிஸ்டன் முன்னாடி போய் காத்துல முட்டி நிக்குறப்ப ரைபிள் வெடுக்குன்னு முன்னாடி போகுது. பஸ் சட்டுனு கெளம்பினா நிக்குறவன் பின்னாடி சாய்வான்ல, அதே கதைதான், ரைபிள் முன்னாடி போகுது, ஸ்கோப் நின்ன இடத்துலயே நிக்கப் பாக்குது, மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமா உங்க கண்ணு பக்கமா நழுவுது. எவ்வளவு டைட் பண்ணாலும் வழவழப்பான ரயில்ல வெறும் பிடியை மட்டும் நம்ப முடியாது. அதனால மவுண்ட் அடியில ஸ்டாப் பின் இருக்கான்னு பாருங்க, உங்க ரைபிள் ரயில்ல அந்தப் பின் இறங்க ஓட்டை இருக்கான்னும் பாருங்க. நான் செஞ்சது என்ன தெரியுமா, பின் இருந்த மவுண்ட்டை வாங்கிட்டு பின்னை ஓட்டையில இறக்காமலே மாட்டிட்டேன், அது ஏதோ எக்ஸ்ட்ரா ஸ்க்ரூன்னு நெனச்சு.

இதே காரணத்துக்காக, லீவரைத் தட்டுனா கழண்டு வர்ற குவிக் டிடாச் மவுண்ட்டை ஸ்பிரிங் ரைபிளுக்கு வாங்காதீங்க. பாக்க ஸ்டைலா இருக்கும், அவ்ளோதான். ஸ்பிரிங் ரைபிள்னா ஒன் பீஸ் மவுண்ட் நல்லது, நாலஞ்சு ஸ்க்ரூ சேந்து ரயிலைப் பிடிக்கும், ரெண்டு ரிங்கும் நேர் கோட்டுல இருக்கும். ஒரே குறை, ஸ்கோப்பை முன்ன பின்ன தள்ளுறதுக்கு இடம் கம்மி, ஐ ரிலீஃப், அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல இருக்க வேண்டிய தூரம், செட் ஆகாம கழுத்தை நீட்டிக்கிட்டு சுட வேண்டி வரலாம். பிசிபி ரைபிளா, அதாவது முன்கூட்டியே காத்து அடைச்சு வச்சு சுடறதா? உதையே இல்லாத மாதிரிதான், அங்க சாதா டூ பீஸ் மவுண்ட்டே தாராளமா போதும், காசை மிச்சப்படுத்த வேண்டிய இடம் அதுதான். ஆனா சில பிசிபில மேகசின் ரிசீவருக்கு, அதாவது ரைபிளோட உடம்புக்கு, மேல துருத்திக்கிட்டு நிக்கும், லோ மவுண்ட் போட்டா ஸ்கோப் அதுல இடிக்கும், அளந்துட்டு வாங்குங்க.

ரயில் மேட்டர்ல தான் நெறைய பேர் ஏமாறுறாங்க. பெரும்பாலான ஏர் ரைபிள்ல இருக்கிறது 11 மில்லிமீட்டர் டவ்டெயில், ரெண்டு பக்கமும் உள்வாங்கின பள்ளம். ஆன்லைன்ல ஃபோட்டோ பாத்து ஆர்டர் பண்ணா வர்றது பிகாடினி மவுண்ட், 21 மில்லிமீட்டர், குறுக்கால பல்லு வச்ச ரயிலுக்கானது, மாட்டவே மாட்டாது. வீவர்னு ஒண்ணு இருக்கு, பாக்க பிகாடினி மாதிரியே இருக்கும், ஆனா பல்லுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தோட அகலம் வீவர்ல 4.57 மில்லிமீட்டர், பிகாடினில 5.23. வீவர் மவுண்ட் பிகாடினி ரயில்ல உக்காரும், பிகாடினி மவுண்ட் வீவர் ரயில்ல உக்காராமப் போகலாம். சரி அடாப்டர் போட்டுக்கலாம்னு கெளம்புவாங்க, அடாப்டர்னா இன்னொரு ஜாயின்ட், இன்னும் ரெண்டு மூணு ஸ்க்ரூ, லூஸ் ஆகறதுக்கு இன்னொரு இடம், உயரமும் ஏறிரும். வேற வழியே இல்லன்னா மட்டும். அப்புறம் ஸ்கோப் ட்யூப் 25.4 மில்லிமீட்டரா 30-ஆன்னு பாத்துக்கோங்க, 30 ரிங்குல 25.4 ஸ்கோப்பை டேப் சுத்தி மாட்டுன ஒருத்தரை எனக்குத் தெரியும், அவரைப் பத்தி இங்க வேணாம்.

உயரம். பெரிய லென்ஸ் ஸ்கோப் வாங்கிட்டு அதுக்காக ஹை மவுண்ட் வாங்குறது அடுத்த தப்பு. ஸ்கோப் உயர உயர கன்னம் ஸ்டாக்ல, அதாவது ரைபிளோட பின்கட்டைல, படியாது, தாடைதான் படும், தலை ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு இடத்துல இருக்கும். 100 கஜத்துக்கு பாரலாக்ஸ் செட் பண்ணின, அதாவது அந்தத் தூரத்துல கண்ணு நகர்ந்தாலும் குறி நகராத மாதிரி செஞ்ச, ஸ்கோப்பை 15 மீட்டர்ல வச்சு சுடுறப்ப கண்ணு கொஞ்சம் நகர்ந்தாலே குறி தள்ளிப் போகும், அப்ப ஹை மவுண்ட் போட்டுக்கிட்டு க்ரூப் (பெல்லட்டெல்லாம் ஒரே இடத்துல கூடி விழுறது) சரியில்லன்னு பொலம்பி என்ன பிரயோஜனம். லென்ஸ் பேரல்ல இடிக்காத அளவுக்கு எது லோவோ அதுதான். 40 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அதைச் சுத்தி இருக்கிற கூட்டையும் சேத்து அளக்கணும், லென்ஸ் சைஸை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டு இடிச்சவங்க இருக்காங்க.

பேரலை மடக்கி லோட் பண்ற ரைபிள்ல இன்னொரு தலைவலி, பேரல் ஸ்கோப்பைவிட லேசா கீழ பாத்து இருக்கும். பெல்லட் கீழயே அடிக்குதேன்னு டரட்டை, அதாவது ஸ்கோப்போட குறி திருத்துற திருகை, மேல திருப்பிக்கிட்டே போவோம், ஒரு கட்டத்துல ஸ்கோப்புக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து போய் குறி தானா அலையும், "ஸ்கோப் போச்சு"ன்னு சொல்ற கேஸ்ல பாதி எனக்குத் தெரிஞ்சு இதுதான். இதுக்குன்னே பின்பக்கம் உசத்திச் செஞ்ச மவுண்ட் கிடைக்குது, விலை கூட. அதுவரைக்கும் பின்னாடி ரிங்குக்கு அடியில பழைய கேமரா ஃபிலிம் துண்டு ஒண்ணு வச்சா போதும். ரெண்டு மூணுக்கு மேல அடுக்காதீங்க, ட்யூப் வளைஞ்சிரும்.

கடைசியா ஸ்க்ரூ. மலிவு மவுண்ட்ல முதல்ல போறது ஸ்க்ரூ தலைதான், ஆலன் கீ ரெண்டு தடவை வழுக்குனா ரவுண்டு ஆயிரும், அதனால "7075 அலுமினியம்"னு லிஸ்டிங்ல போட்டிருக்கிறதை நம்புறதை விட ஸ்க்ரூவைப் பாத்து வாங்குறது மேல். ரிங் ஸ்க்ரூவுக்கு 15-லருந்து 18 இஞ்ச் பவுண்ட் போதும், நியூட்டன் மீட்டர்ல சொன்னா ரெண்டு கிட்ட. முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லன்னா ஆலன் கீயோட நீள காலை ஸ்க்ரூல விட்டு குட்டை காலை ரெண்டு விரலால திருப்புங்க, நின்னதும் விட்டுருங்க. குறுக்கு குறுக்கா, ரெண்டு பக்க இடைவெளியும் சமமா இருக்கணும். ஒரு பக்கம் மொத்தமா முறுக்கினா ஸ்கோப் உருளும், கிராஸ்ஹேர், அதாவது ஸ்கோப்புல தெரியற குறுக்குக் கோடு, சாயும். நான் வாசல்ல கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்க விட்டு அந்தக் கயித்துக்கு நேரா வச்சுக்குவேன், ரைபிளுக்கு ரசமட்டம். லாக்டைட், அதாவது ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை, போடறதுன்னா ரயில் ஸ்க்ரூவுக்கு மட்டும், அதுவும் நீலம், சிவப்பு போட்டா கழட்டுறப்ப அழுவீங்க.

இன்னொண்ணு, 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குத் தயாராகுறவங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்ல, அங்க ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது, சின்ன ஓட்டை வழியா பாக்குற பீப் சைட்தான். மாட்டி முடிச்சதும் மவுண்ட்டுக்குப் பின்னாடி ரயில்ல நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டுட்டு 50 ரவுண்டு சுட்டுப் பாருங்க. கோட்டுக்கும் மவுண்ட்டுக்கும் நடுவுல எதுவும் மாறல, ஆனாலும் க்ரூப் சிதறுதுன்னா ஸ்டாக் ஸ்க்ரூவை ஒரு தடவை முறுக்கிப் பாத்துட்டு அப்புறமா கடைக்குப் போங்க.