நேட்டால் காலத்து உடையை மனிதருக்கும் பொம்மைக்கும் தைக்கும் முறை

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலுக்காக 342 பேரை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல், இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்த நாளை நினைவுகூரும் விழாக்களுக்காக நான் ஆண்டுதோறும் முன்னோர் உடைகளைத் தைத்து வருகிறேன். மேடையேறும் பிள்ளைகளுக்கு ஒரு தொகுதியும், வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கும் பொம்மைகளுக்கு ஒரு தொகுதியும் தேவைப்படுகின்றன. இரண்டுக்கும் ஒரே காகித வெட்டைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பயன்படுத்தலாம் என்றுதான் தொடக்கத்தில் நானும் எண்ணினேன். ஆனால் அளவைக் குறைக்கலாமே தவிர, துணியின் கனத்தைக் குறைக்க முடியாது. ஆகவே மனிதருக்குத் தைக்கும்போது பழைய வெட்டை அப்படியே பின்பற்ற வேண்டும். பொம்மைக்குத் தைக்கும்போது பழைய தோற்றத்தை மட்டும் பின்பற்ற வேண்டும். கீழே சொல்லும் முறைகள் அனைத்தும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

துணி வாங்கப் புறப்படும் முன் ஆண்டை முடிவு செய்யுங்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தனர். அந்த ஐம்பது ஆண்டுகளில் சாயங்களும் தையலும் பெரிதும் மாறின. முதல் செயற்கைச் சாயம் 1856-இல்தான் லண்டனில் உருவானது. செயற்கை அவுரி நீலம் 1897-இல் சந்தைக்கு வந்தது. எனவே 1860-ஆம் ஆண்டைக் காட்டும் சேலைக்கு அவுரி நீலம், சாயவேரின் செம்பழுப்பு, வெளுக்காத கோராத் துணியின் நிறம் ஆகியவையே பொருந்தும். பளபளக்கும் ஊதாவும் கத்தரிப்பூ நிறமும் முன்னோர் மேனியில் ஏறுவதைக் காணும்போது எனக்கு மனம் வருந்துகிறது, ஏனெனில் அந்த ஒரு பிழையே மற்ற எல்லா உழைப்பையும் பொய்யாக்கிவிடுகிறது. காந்தி தலைமையில் இங்குள்ள இந்தியர்கள் நடத்திய 1913-ஆம் ஆண்டுப் போராட்டக் காலம் என்றால் நிறங்களில் தாராளம் காட்டலாம், தையல் எந்திரத்தையும் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆயினும் பாலியஸ்டர் 1941-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் அது எந்த ஆண்டுக்கும் ஆகாது, ஜிப்பும் வேண்டாம்.

டர்பனில் கிரே தெரு என்று நாம் இன்னும் சொல்லும் டாக்டர் யூசுஃப் தாதூ தெருவில் துணி தேடும்போது பருத்தியை மட்டும் கேளுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு நூலை உருவி எரித்துப் பார்த்தால் பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் இறுகும். அங்கே ஷ்வேஷ்வே துணியைக் கண்டதும் ஆசை எழும். இந்த நாட்டின் அழகான நீல அச்சுத் துணி அது. ஆனாலும் பழைய படமொன்றின் சான்று கையில் இல்லாமல் நான் அதை ஒப்பந்தத் தொழிலாளப் பெண்ணின் உடையாக வைப்பதில்லை. எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

மனிதருக்கான உடையில் உழைப்பு முழுவதும் ரவிக்கையில்தான் இருக்கிறது. அன்றைய தமிழகக் கிராமங்களில் பெண்கள் பலர் ரவிக்கை இல்லாமல் சேலை முந்தானையையே தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டனர். மேடைக்கு அது இயலாது என்பதால், 1860 உடைக்குச் சேலையின் நிறத்திலேயே எளிய ரவிக்கை தைத்துப் போர்வைக்குள் மறைத்துவிடுகிறேன். பிற்காலத்து உடைக்கு, தளர்வான, இடுப்புக்குக் கீழ் இறங்கும் சட்டை ரவிக்கையே ஏற்றது. இன்றைய ரவிக்கையின் டார்ட்டுகளும் (உடலோடு ஒட்டுவதற்குப் பிடிக்கும் கூர்மடிப்புகளும்) ஆழமான முதுகுக் கழுத்தும் அதில் வரக் கூடாது.

மார்பளவு 90 செ.மீ. என்று கொள்வோம். தளர்ச்சிக்கு 12 செ.மீ. சேர்த்தால் 102 செ.மீ.; அதில் பாதி 51, இருபக்கத் தையலுக்கு 3 சேர்த்து 54 செ.மீ. அகலத்திலும் 104 செ.மீ. நீளத்திலும் ஒரே துண்டாக வெட்டி, தோளில் தையல் வராதபடி நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். கழுத்தடியை ஒட்டி வட்டமாகக் கழுத்தும், முன்பக்கம் நடுவில் நேராக ஒரு திறப்பும் வெட்டுங்கள். கைக்கு 36 செ.மீ. அகலமுள்ள நேர்த்துண்டு போதும். முழங்கைக்குக் கீழ்வரை அதன் நீளம் இருக்கட்டும். தோள் மடிப்பிலிருந்து இருபுறமும் 18 செ.மீ. வரை கையை உடலோடு இணைத்தபின், அக்குளில் 8 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தையுங்கள். வெட்டும்போது அதற்கும் தையல் இடம் விட மறக்காதீர்கள். அந்தச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒன்று உடலின் முன் விளிம்போடும் மற்றொன்று கையின் முன் விளிம்போடும் சேரும். எஞ்சிய இரண்டும் பின் விளிம்புகளோடு சேரும். இந்தச் சிறு துண்டுதான் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறாமல் காக்கிறது. பழைய தையற்காரர்கள் வளைவு வெட்டி வீணாக்காமல், நேர்த்துண்டுகளையும் சதுரங்களையும் கொண்டே உடலுக்குப் பொருத்தம் தேடினர். முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்த பிறகே நல்ல துணியில் கத்திரியை வையுங்கள். வெளியே தெரியும் விளிம்புகளைக் கையால் மடித்துத் தையுங்கள். காஜாவையும் கையாலேயே கட்டுங்கள்.

ஆண் உடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வேட்டி, துண்டு, மெல்லிய மல் துணியில் தலைப்பாகை. 1913 டிசம்பரில் காந்தி டர்பன் கூட்டத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளியின் எளிய உடையில் வந்தார். அக்காலத்துப் படங்களில் அவர் அணிந்திருக்கும் நீளமான வெள்ளைச் சட்டை நல்ல மாதிரி. தில்லையாடி வள்ளியம்மை வேடம் கேட்டு வரும் பெற்றோருக்கும் நான் ஒன்றைச் சொல்கிறேன்: சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த அந்தப் பெண்ணுக்குச் சரிகை தேவையில்லை, பருத்திச் சேலையும் நீளக் கை ரவிக்கையும் போதும்.

இனிப் பொம்மைக்கு வருவோம். கடையில் பரவலாகக் கிடைக்கும் 29 செ.மீ. பொம்மை மனித உடலில் ஆறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கின்படி 5.5 மீட்டர் சேலை 92 செ.மீ. ஆக வேண்டும். நான் முதன்முதலில் அவ்வாறே வெட்டி உடுத்தியபோது, இடுப்பைச் சுற்றி ஆறேழு அடுக்குத் துணி திரண்டு, பொம்மை மூட்டை கட்டிக்கொண்டதுபோல் நின்றது. இப்போது 60 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம் என்று மட்டுமே வெட்டுகிறேன். உள்பாவாடை வைப்பதில்லை, அதற்குப் பதில் 1 செ.மீ. அகலப் பட்டையொன்றை இடுப்பளவுக்குத் தைத்து, கொசுவத்தை அதன்மேல் நிரந்தரமாகப் பிடித்துவிடுகிறேன். ஐந்து மடிப்புகளே போதும். மடிப்புகளைக் கஞ்சியில் தோய்த்து, நூலால் தளர்வாகக் கட்டி, இரவு முழுவதும் நிழலில் உலரவிட்டால் அவை கால்களை ஒட்டி நேராக விழும்.

கட்டங்களிலும் இதே கவனம் தேவை. கண்டாங்கிச் சேலையில் 3 செ.மீ. உள்ள கட்டம் பொம்மையில் 5 மி.மீ. ஆக வேண்டும், ஆகவே சேலைத் துணியைத் தேடாமல், நுண்கட்டமுள்ள ஆண்கள் சட்டைத் துணியையோ பழைய கைக்குட்டையையோ எடுங்கள். பலமுறை துவைத்து மெலிந்த துணியே நன்றாக விழும்.

பொம்மை ரவிக்கைக்கு அக்குள் சதுரம் வேண்டாம். அந்த அளவில் அது வெறும் முடிச்சாகிவிடும். கையை உடலோடு விரித்த நிலையிலேயே இணைத்து, பிறகு பக்கத் தையலையும் கைத் தையலையும் ஒரே ஓட்டமாக முடியுங்கள். விளிம்புக்கு 5 மி.மீ. விட்டுத் தைத்தபின் 3 மி.மீ. ஆகக் கத்தரித்து, நூல் பிரியாதிருக்க நீர் கலந்த வெள்ளைப் பசையை ஊசி முனையால் தடவுங்கள். எந்திரத்தில் தையல் நீளம் 1.5 மி.மீ. இருக்கட்டும், சிறு துண்டுகளை எந்திரம் உள்ளே இழுத்துக்கொள்ளாமலிருக்க, அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுங்கள். முன் திறப்பு பொய்யாக இருக்கலாம்: சிறு மணிகளைப் பட்டன்போல் வரிசையாகத் தைத்துவிட்டு, உண்மையான திறப்பை முதுகில் வைத்துச் சின்னக் கொக்கியால் மூடுங்கள். ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) மட்டும் வேண்டாம், அது பொம்மையின் முடியையும் சேலை நூலையும் பற்றிக் கிழிக்கும்.

விழா முடிந்ததும் கஞ்சியை முழுவதும் அலசி எடுத்துவிட்டே மனித உடையை மடித்து வைக்க வேண்டும். டர்பனின் ஈரமான கோடையில் கஞ்சி ஏறிய துணி விரைவில் பூஞ்சை பிடிக்கும். பொம்மையின் கொசுவத்தை அலச முடியாது என்பதால் அலமாரிக் கதவை வெயில் நாட்களில் சற்று நேரம் திறந்து வையுங்கள். மடித்த சேலைகளை நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, முன்பு மடிந்த கோட்டிலேயே மீண்டும் மடியாமல் இரண்டு விரல் தள்ளி மடித்து வையுங்கள்.