பஸ், ட்ரெயின்ல இயர்ஃபோன் போடுறவங்களுக்கு

பெரிய ஊர்ல வேலைக்குப் போக வர நேரத்துல பாட்டு இல்லன்னா ரொம்பக் கஷ்டம்தான், ஆனா கவனிச்சுப் பாருங்க, ட்ரெயின் கிளம்பி சத்தம் ஏற ஏற நம்ம விரலும் தானா வால்யூம் பட்டனுக்குப் போயிடும், இறங்கின பிறகு அதே வால்யூம்ல கேட்டா காதைப் பிளக்கும். அவ்வளவு சத்தத்தைத்தான் இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வந்திருக்கோம்.

உலக சுகாதார அமைப்பு கணக்குப்படி சத்தம் 80 டெசிபல்னா (சத்தத்தை அளக்குற அலகு) காதுக்குப் பாதிப்பில்லாம வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம், அதே 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம்தான்! தினமும் போக வர நேரத்தைக் கூட்டினா ரெண்டு மூணு நாள்லயே தாண்டிடும்.

அதனால வீட்ல அமைதியா இருக்கும்போதே வால்யூமை செட் பண்ணிட்டு கிளம்புங்க, வழியில ஏத்தாதீங்க. போன் செட்டிங்ஸ்லயே வால்யூம் லிமிட் இருக்கும், அதையும் போட்டு வைங்க. காதுக்குள்ள போற ரப்பர் சரியான சைஸா இருக்கணும், இதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன், லூசா இருந்தா வெளிச்சத்தம் உள்ள வந்து மறுபடி ஏத்தத் தோணும். ரோடு கிராஸ் பண்ணும்போது மட்டும் தயவுசெஞ்சு கழட்டிடுங்க.