புதிய பள்ளிக்கு மாற்றலா? விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியசில் நமக்குக் கோடை விடுமுறை என்றால் நவம்பரும் டிசம்பரும்தான். ஜனவரியில் பள்ளி திறக்கும் வரை கிடைக்கும் அந்த வாரங்களில், வேறு பள்ளிக்கு மாற்றலான ஆசிரியர்கள் படும் பதற்றம் எனக்குத் தெரியும். தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று முறை பள்ளி மாறியிருக்கிறேன். புதிதாக மாற்றலாகும் தமிழாசிரியர்கள் என்னிடம் கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் முன்பே முதல் தவணை முழுவதற்கும் பாடம் தயாரித்துவிடுவது. முதல் மாற்றலின்போது நானும் அதைத்தான் செய்தேன். தமிழ்நாட்டுக் காணொளிகள், பயிற்சித் தாள்கள் எல்லாவற்றையும் பார்த்து, நான்காம் வகுப்புக்கென்று நூற்றுக்கு மேல் அட்டைகள் எழுதி வைத்தேன். ஜனவரியில் அவற்றில் பத்துக்கூடப் பயன்படவில்லை. தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கென்று அமைந்த பாடங்கள் அவை. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி.

இது வெறும் சொல் தெரியாத பிரச்சினை இல்லை. கிரியோலில் ‘மோ தி மான்ஸே’ என்றால் நான் சாப்பிட்டேன், ‘லி தி மான்ஸே’ என்றால் அவள் சாப்பிட்டாள், ‘மோ பூ மான்ஸே’ என்றால் நான் சாப்பிடுவேன். யார், எப்போது என்பதெல்லாம் முன்னால் வந்துவிடும். ‘மான்ஸே’ என்ற வினை மட்டும் அப்படியே நிற்கும். தமிழிலோ அத்தனையும் வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. சாப்பிட்டேன், சாப்பிட்டாள், சாப்பிடுவேன் என்று வால் மாறுவது ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புத்தம் புதிய விஷயம். எந்தப் பிள்ளை இதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது பழகிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் தயார் செய்யுங்கள், போதும்.

அந்த இரண்டு வாரங்களுக்கு வேண்டியதை எங்கே தேடுவது? ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காய்கறிச் சந்தைக்குப் போய்வாருங்கள். கொத்தமல்லியைக் ‘கோத்தோமிலி’ என்பார்கள். கறிவேப்பிலை ‘கரிபூலே’, முருங்கைக்கீரை ‘ப்ரேத் மூரூம்’. வீட்டுக்கு வந்தால் ரசம் ‘ராசோன்’. தமிழே தெரியாது என்று சொல்லும் பிள்ளையின் நாவில் இத்தனை தமிழ் இருக்கிறது! அதைத் தொட்டுக்காட்டி ஆரம்பித்தால் பயம் பாதி போய்விடும். போன ஆண்டு என் வகுப்பில் ஒரு சிறுமி வாழையிலை வரைந்து, அதில் நம் விருந்தில் பரிமாறும் ஏழு கறியின் பெயர்களையும் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். நான் கேட்கவே இல்லை. பாட்டியோடு உட்கார்ந்து அவளாகவே எழுதியது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அப்புறம், நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. அதைக் காட்ட அட்டையே வேண்டாம்.

பெயர் அட்டை விஷயத்திலும் அவசரம் கூடாது. வருகைப் பதிவேட்டில் குடும்பப் பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்பைத் தழுவிய எழுத்துக்கூட்டலில் இருக்கும். ‘மூர்கன்’ என்றால் முருகன், ‘ஆர்மூகம்’ என்றால் ஆறுமுகம் என்று சிலவற்றை உடனே கண்டுபிடித்துவிடலாம். சில பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து அடையாளமே தெரியாமல் போயிருக்கும். ஊகித்து எழுதித் தவறாகிவிட்டால், ஒரு குடும்பத்தின் பெயரையே நாம் மாற்றிவிட்டோம் என்றுதான் அர்த்தம். பிள்ளைகளே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். தன் பெயர் தமிழில் எழுதப்படுவதை ஒரு பிள்ளை முதல்முறையாகப் பார்க்கும் நேரம் எனக்கு மிகவும் பிடித்த நேரம். அதை விடுமுறையில் தனியாக உட்கார்ந்து எழுதித் தீர்த்துவிடாதீர்கள்.

இனி அறை. தமிழ்ப் பாடவேளையில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, கிரியோல் என்று பிரிந்து போகிறார்கள். நம் குழு சிறியதாக இருந்தால் தனி அறை கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஒரு பள்ளியில் எனக்குக் கிடைத்தது நூலகத்தின் ஒரு மூலைதான். சுவரை அலங்கரிக்கத் துணியும் காகிதமும் வாங்கும் முன், பழைய தமிழாசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த இடம்? பூட்டு வைத்த அலமாரி உண்டா? இரண்டு வகுப்புகளைச் சேர்த்து எடுக்க வேண்டுமா? பத்து நிமிடம் பேசினாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். சுவர்ப்படங்களை முன்கூட்டியே பள்ளியில் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். புயல் காலம் நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. க்யூர்பீப் போன்ற மேட்டுப் பகுதிகளில் ஈரத்தால் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும்.

பள்ளிக்குப் போகும் வழியை டிசம்பரில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று முடிவு செய்யாதீர்கள். பள்ளி திறந்தபின் காலையில் அதே சாலை வேறு மாதிரி இருக்கும். முதல் வாரத்தில் ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்புங்கள்.

ஓய்வைத் தள்ளிப்போடுவதும் தவறுதான். விடுமுறையின் முதல் மூன்று வாரங்களில் பாடப் புத்தகத்தைத் திறக்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். லிச்சி பழுக்கும் காலம், கடற்கரைக்குப் போகும் காலம் அது. தொண்டைக்கும் ஓய்வு வேண்டும். ஒரு வருடம் முழுக்கக் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறோம்.

கடைசியாக, வரும் ஆண்டின் தைப்பூசத் தேதியைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள். 2024-இல் அது ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. பள்ளி திறந்து சில வாரங்களுக்குள் வந்துவிடும். அந்த ஒரு நாள்தான் பொது விடுமுறை; ஆனால் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் பல வீடுகளில் மாலை முழுவதும் கோயிலில்தான் கழியும். அந்தப் பத்து நாள்களில் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள், வீட்டுப்பாடமும் கொடுக்காதீர்கள். கோயிலில் முந்தின நாள் காதில் விழுந்த ஒரு தமிழ்ச் சொல்லை ஒவ்வொரு பிள்ளையும் காலையில் வந்து சொல்லட்டும். அதைப் பலகையில் எழுதிக்கொண்டே போகலாம்.