மலிவு ஜிபிஎஸ் வாங்குபவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் கிளிநொச்சியில் புதிதாக ஹயர் ஓடத் தொடங்கிய இரண்டு பெடியன்கள், ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவியோடு என் வானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒன்று இங்கிலாந்திலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்தது, மற்றது கொழும்பில் மலிவாக வாங்கியது. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முதல் நான் விட்ட அதே பிழை, அச்சொட்டாக. இனி வாங்கப் போகிறவர்களாவது தப்பட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தூசி பிடித்த கண்ணாடியில் பிடியை ஒட்டாதீர்கள், ஓடும்போது திரையைத் தட்டாதீர்கள் என்பதெல்லாம் ஒரு கிழமையில் தானாகப் பழகிவிடும், அவற்றை விடுவோம்.

வரைபடத்தைப் பாராமல் வாங்குவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற பிழை இதுதான். இதற்குத்தான் காசும் கூடப் போகும்.

ஜிபிஎஸ் என்று நாங்கள் வாங்குகிற பெட்டிக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று ரிசீவர். கிட்டத்தட்ட 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செய்மதிகளில் குறைந்தது நாலைப் பிடித்து, வாகனம் எங்கே நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. லண்டனில் செய்கிறதைத்தான் மாங்குளத்திலும் செய்யும், மலிவுக் கருவியிலும் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. மற்றது வரைபடம். அது செய்மதியிலிருந்து இறங்கி வருவதில்லை. கருவிக்குள்ளேயோ எஸ்டி கார்ட்டிலோ யாரோ ஒருவர் போட்டு விற்றது. அவர் போட்டது எந்த நாட்டின் படம், எந்த வருடத்துப் படம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாமா கொண்டுவந்த கருவியில் ஐரோப்பா மட்டும்தான் இருந்தது. கிளிநொச்சியில் போட்டால் வெறும் திரையின் நடுவில் அம்புக்குறி நிற்கிறது, சுற்றிவர ஒரு ரோட்டும் இல்லை. பெடியன் பெட்டியைக் காட்டி, "அண்ணை, லைஃப்டைம் மேப் என்று போட்டிருக்கே" என்றான். அந்தச் சொல்லில்தான் எல்லாரும் விழுகிறார்கள். வாங்கும்போது எந்தப் பிரதேசத்தின் படம் உள்ளே இருந்ததோ, அதன் புதிய பதிப்புகளைத்தான் சும்மா தருவார்கள். இலங்கைப் படத்தைத் தரமாட்டார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேட்பதென்றால், வாங்க முதலே அந்தக் கருவிக்கு இலங்கைப் படம் ஏறுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். கார்மின் கருவிகள் பலவற்றில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உலக வரைபடத்தின் தரவிலிருந்து செய்த இலவசப் படத்தை எஸ்டி கார்ட்டில் போட்டு ஓடலாம். கடைகளில் கிடைக்கிற பெயர் தெரியாத ஏழு அங்குலக் கருவிகளில் இது அநேகமாக நடக்காது.

என்னுடைய கதை வேறு மாதிரி. நான் வாங்கியதில் இலங்கைப் படம் இருந்தது. "ஆகப் புதுப் படம்" என்று கடைக்காரர் சொன்னார், நான் 18,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். அடுத்த கிழமை கட்டுநாயக்காவிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். இருபது வருடத்துக்குப் பிறகு ஊர் பார்க்க வந்தவர்கள், கூட எழுபது தாண்டிய அம்மா ஒருவர். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே போகவேண்டும். இரவு ஒன்பது மணி. கருவி இடப்பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். கிறவல் ரோட்டு செம்மண்ணாகி, செம்மண் குளக்கட்டாகி, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காடு. அரைக் கிலோமீட்டர் போனதும் முன்லைட் வெளிச்சத்தில் மதகு உடைந்து கம்பி துருத்திக்கொண்டு நின்றது. திரையிலோ அதற்கு மேலால் நேர்க்கோடு போகிறது. கட்டில் வானைத் திருப்ப இடமில்லை. பின்னால் அம்மா மெதுவாகத் தேவாரம் சொல்லத் தொடங்கிவிட்டார். சத்தம் கேட்டு ரோச் லைட்டோடு வந்த ஒரு ஐயா, "தம்பி, இதால இப்ப டிரக்டரே போறேல்லை" என்றார். அவர் பின்னால் நின்று வெளிச்சம் பிடிக்கப் பிடிக்க, அவ்வளவு தூரமும் ரிவேர்ஸிலேயே வந்தேன்.

கருவி பொய் சொல்லவில்லை. எப்போதோ வரைந்த படம் அதில் இருந்தது. இடையில் வன்னியில் எத்தனை ரோட்டு அழிந்து எத்தனை புதிதாக வந்தது என்று எங்களுக்குத் தெரியும், அந்தப் படத்துக்குத் தெரியாது. கொழும்புக்குள் ஓடுகிறவனுக்குப் பழைய படத்தால் பத்து நிமிடம் வீணாகும். இங்கே, கண்ணிவெடிப் பலகை நின்ற காணிகளுக்குப் பக்கத்தால் ஓடிய எங்களுக்கு அது அப்படியான விஷயம் இல்லை.

அதனால் காசு கொடுக்க முதல் கருவியைக் கையில் வாங்கி இதைச் செய்யுங்கள். பூநகரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வழி கேளுங்கள். சங்குப்பிட்டிப் பாலம் 2011 தை மாதத்தில் திறந்தது. கருவி உங்களைப் பரந்தனுக்கு அனுப்பி ஆனையிறவால் சுற்றிக் காட்டினால், உள்ளே இருக்கிற படம் அதற்கு முந்தியது. கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். சரியாகப் பாலத்தால் காட்டினால், உங்கள் சொந்த ஊரைத் தேடி, வீட்டு ஒழுங்கை வரைக்கும் பெரிதாக்கிப் பாருங்கள். ஏ9 எல்லாப் படத்திலும் இருக்கும். ஏ9 ஓடுவதற்கு யாருக்குக் கருவி தேவை?

படம் சரியென்றாலும் ஒரு செட்டிங் இருக்கிறது. "குறுகிய வழி" என்பதை "விரைவான வழி"க்கு மாற்றுங்கள், "செப்பனிடாத வீதிகளைத் தவிர்" என்பதைப் போடுங்கள். அன்றைக்கு என் கருவியில் இரண்டுமே தலைகீழாக இருந்தன.

திரை அளவு

ஐந்து அங்குலம் போதும்.

செய்மதி பிடிக்கவில்லை என்று அன்றைக்கே திருப்பிக் கொடுப்பது

புதுக் கருவி, அல்லது கடல் கடந்து வந்த கருவி, முதல்முறை இடம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். எந்தச் செய்மதி எங்கே நிற்கிறது என்ற முழுப் பட்டியல் செய்மதியிலிருந்து இறங்கவே பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். கராச் தகரத்துக்குக் கீழே நின்று சோதிக்காமல், வெளியான இடத்தில் வாகனத்தை நிறுத்திக் கால் மணித்தியாலம் விடுங்கள். அதற்குப் பிறகும் தடுமாறினால் முன்கண்ணாடியைப் பாருங்கள். உலோகம் கலந்த டின்ட் ஒட்டியிருந்தால் சிக்னல் உள்ளே வராது.

பழைய கருவியைத் தேதி பாராமல் வாங்குவது

ஜிபிஎஸ் தேதியைக் கிழமைகளாக எண்ணுகிறது, அந்தக் கணக்கு 1024 கிழமைக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 இரவு திரும்பியது. அதற்குப் பிறகு மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சிலவற்றில் தேதி இருபது வருடம் பின்னுக்குப் போய் நிற்கும், போய்ச்சேரும் நேரமும் குழம்பும். செகண்ட் ஹாண்ட் என்றால் திறந்தவெளியில் போட்டு, செய்மதி பிடித்த பிறகு தேதியைப் பாருங்கள்.

பற்றரியை நம்புவது

வயரோடுதான் ஓடவேண்டும். லொறிக்கு வாங்குகிறவர்கள் சார்ஜர் 24 வோல்ட் தாங்குமா என்று பாருங்கள், 12 வோல்ட் மட்டும் தாங்குவதைச் செருகினால் கருகும். மதிய வெயிலில் டாஷ்போட்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், பற்றரி ஊதிவிடும்.

போன் இருக்கிறதே என்று விடுவது, அல்லது போனை மறந்துவிடுவது

சிக்னல் இல்லாத காட்டிலும் போனுக்குள் இருக்கிற ஜிபிஎஸ் வேலை செய்யும், படம்தான் வராது. ஓஸ்ம்அண்ட், ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் இலங்கைப் படத்தை முதலே இறக்கி வைத்தால் அதுவும் வரும். கையில் நல்ல போனும் உறுதியான பிடியும் இருந்தால், கருவிக்குக் காசு செலவழிக்க முதல் ஒரு மாதம் இதில் ஓடிப் பாருங்கள். நாள் முழுக்க ஹயர் ஓடி, அழைப்புகளும் அதே போனில் வருகிறவர்களுக்குத்தான் தனிக் கருவி உண்மையில் தேவை.

ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் புறப்படுவது

புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மன்னாரிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. ஒட்டுசுட்டானுக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்து. புறப்பட முதல் வீட்டுக்காரரிடம் ஆள்கூறு (இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு எண்கள்) கேட்டு அதைப் போடுங்கள், முழு வழியையும் ஒருமுறை சுருக்கிப் பாருங்கள். தசம எண்ணா, பாகை நிமிடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறிப் போட்டால் பல கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

மாரி

மழைக்கு முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறினால் திரையில் தெரியாது. நிறுத்தி, இறங்கி, அங்கே நிற்கிறவர்களிடம் கேளுங்கள்.