ஒரு நாட்டின் தேசிய வளர்ச்சித் திட்டத்தைப் பார்த்து மக்கள் எங்கே நகர்வார்கள் என்று கணிப்பது எப்படி?

திட்டத்தின் முன்னுரையை விட்டுவிடுங்கள், 'சமச்சீர் வளர்ச்சி' என்று எல்லா நாடும்தான் எழுதுகிறது. நேராக நிதி ஒதுக்கீட்டுப் பக்கத்துக்குப் போய் ரயில், துறைமுகம், மின்சாரம், பல்கலைக்கழகம் எல்லாம் எந்தப் பகுதிக்குப் போகின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். வேலை பெரும்பாலும் அங்கேதான் வரும், ஆட்களும் பின்னாலேயே வருவார்கள்.

அப்புறம் இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிடுங்கள். ஒரு பகுதியில் கூடிய எண்ணிக்கையில் பிறப்பு இறப்பு வித்தியாசத்தைக் கழித்தால் மிச்சம் நிகர இடப்பெயர்வு, அதாவது வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் உள்ள வித்தியாசம்.

புதிய தலைநகர் என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 1960-ல் பிரேசில் திறந்த புதிய தலைநகரான பிரேசிலியா உள்நாட்டுக்கு மக்களை இழுத்தது உண்மைதான், ஆனால் சியோல் நெரிசலைக் குறைக்க 2012-ல் தென் கொரியா தொடங்கிய செஜோங் என்ற நிர்வாக நகருக்கு நிறையப் பேர் பக்கத்து டேஜியோன் நகரிலிருந்துதான் வந்தார்கள். நெடுஞ்சாலையும் அப்படித்தான், பின்தங்கிய பகுதிக்கு முதலீடு வரட்டும் என்று போட்டால் சில சமயம் அங்கிருக்கும் இளைஞர்கள் கிளம்புவதுதான் சுலபமாகிறது.