நாட்டுக்கோழிக் குடலின் சளிப்படலத்தைக் கெடுக்கும் தவறுகள்

சிறுவிடை ரகமோ பெருவிடை ரகமோ, நாட்டுக்கோழி எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையில் குடலைக் கவனிக்காமல் விடுகிறோம். குடல் உள்சுவரில் உள்ள கோப்பைச் செல்கள் சுரக்கும் மியூசின் என்ற வழுவழுப்பான புரதம்தான் சளிப்படலத்தின் அடிப்படை. கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாமல் தடுப்பது இந்தப் படலம். தீவனம் உரசி இது தேய்ந்துகொண்டே இருக்கும். அன்றாடம் புதிதாகச் சுரக்க வேண்டும்.

பொரித்த குஞ்சுக்கு ஒரு நாள் முழுக்க வெல்லத் தண்ணீர் மட்டும் கொடுப்பது முதல் தவறு. கோப்பைச் செல்கள் வேகமாகப் பெருகுவது பொரித்த முதல் சில நாட்களில்தான். குடலில் தீவனம் இறங்கினால்தான் அந்த வளர்ச்சி சரியாக நடக்கும். இறகு உலர்ந்ததும் தண்ணீரையும் குஞ்சுத் தீவனத்தையும் சேர்த்தே வையுங்கள். மறுநாள் கழுத்தடியில், தின்ற இரை முதலில் தங்கும் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் நல்லது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. காலியாக இருந்தால் முதலில் புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பு) சூட்டைப் பாருங்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும்.

அடைத்து வளர்க்கும் கோழிக்கு வெறும் குருணையும் கம்பும் போடுவது அடுத்தது. மியூசினில் திரியோனைன் என்ற அமினோ அமிலம் மிகுதி. தானியங்களில் அது குறைவு. மேய்கிற கோழி கரையானும் புழுவும் பொறுக்கி ஈடுகட்டிக்கொள்ளும், அடைபட்ட கோழியால் முடியாது. சோயாப் புண்ணாக்கு சேர்ந்த தீவனம் கொடுங்கள். வைட்டமின் ஏ குறைந்தாலும் சளி சுரப்பு கெடும். அதற்கு முருங்கைக்கீரை போதும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள்.

பெரிய இழப்பு, தரையில் பரப்பிய கூளம் ஈரமாவதால் வருகிறது. கழிச்சலில் வெளியேறும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி அவற்றை விழுங்கியபின் காக்சிடியா குடல் செல்களைக் கிழிக்கும்போது சளி அளவுக்கு மீறிச் சுரக்கிறது, இரத்தப் புரதமும் கசிகிறது. அதைத் தின்று கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா பெருகி, குடல் அழற்சியும் சேர்ந்துகொள்ளும். கூளத்தைக் கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள கூளத்தை அன்றே மாற்றுங்கள்.

காக்சிடியாவால் வரும் இரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்து கொடுக்கும் நாட்களில் பி-காம்ப்ளக்ஸ் டானிக்கையும் கலக்கிறார்கள். காக்சிடியாவுக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்தே அந்த மருந்து வேலை செய்கிறது. டானிக்கில் உள்ள பி1 அதன் வலுவைக் குறைத்துவிடும். மருந்து முடிந்தபின் டானிக் கொடுங்கள்.

எச்சத்தைப் பார்த்துப் பதறி ஆன்டிபயாட்டிக் போடுவதும் வழக்கமாகிவிட்டது. எட்டு பத்து எச்சத்துக்கு ஒன்று பழுப்பு நிறத்தில், பசையாக, நாற்றத்தோடு வரும். அது பெருங்குடல்வாயிலின் பையில் இருந்து வருவது, நோயல்ல. எப்போதாவது தென்படும் இளஞ்சிவப்பு இழை உதிர்ந்த குடல் படலம்தான். கோழி சோர்ந்து ஒதுங்கி, தீவனம் எடுக்காமல் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2019 முதல் கோழிகளுக்குக் கொடுக்க இந்தியாவில் தடை இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டுக் கொடுத்தாலும், புரோபயாட்டிக்கை (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள்) அது முடிந்தபிறகு, குளோரின் கலக்காத தண்ணீரில் கொடுங்கள்.