இத்தாலியத் தோல்பைக் குழல்: கேட்பவரும் கற்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்பைப் என்றதும் பலருக்கு ஸ்காட்லாந்துதான் நினைவுக்கு வரும். கட்டம்போட்ட பாவாடை, ராணுவ அணிவகுப்பு, தோளில் நிமிர்ந்து நிற்கும் குழல்கள். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தென் இத்தாலியின் ஸாம்போன்யா என்ற தோல்பைக் குழலைக் கேட்பதுதான் முதல் தவறு, மற்றவற்றுக்கெல்லாம் தாயும் அதுவே.

ஸ்காட்லாந்து வாத்தியத்தில் ராகம் வாசிக்கும் குழல் ஒன்றுதான். இரண்டு கையும் அதன் மேலேயே இருக்கும். ஸாம்போன்யாவில் ராகக் குழல்கள் இரண்டு, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் ஒத்துக் குழல்களும் இவற்றோடு ஒரே மரக்கட்டையில் செருகப்பட்டு முன்பக்கமாகத் தொங்கும். வலது கை மேல்குரலை வாசிக்க, இடது கை கீழ்க்குரலைப் பிடிக்கும். ஒரே ஆள் இரண்டு குரலில் வாசிக்கிறார், பின்னால் ஒத்து விடாமல் ஒலிக்கிறது. ஒவ்வொரு கைக்கும் கிடைப்பது சில சுரங்கள்தான். அதனால் "இவ்வளவுதானா இதன் எல்லை?" என்று தனிக்குழலாக எடைபோடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். இரண்டு குரலும் உரசும் இடத்தில் காது வையுங்கள், சங்கதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்த தவறு, இத்தாலி முழுக்க ஒரே வாத்தியம் என்று நினைப்பது. மொலீசே, கம்பானியா பகுதிகளில் இடது குழல் நீளமாக, கடைசித் துளைக்கு விரலால் அழுத்தும் ஒரு சாவி வைத்து, இரட்டை நாக்குச் சீவாளியோடு (காற்றில் அதிர்ந்து ஒலியெழுப்பும் நாணல் துண்டு) இருக்கும். சிசிலியிலும் தெற்குக் கலாப்ரியாவிலும் இரண்டு குழலும் சம நீளம், ஒற்றை நாக்கு. பசிலிக்காத்தாவுக்கும் கலாப்ரியாவுக்கும் நடுவே உள்ள பொல்லீனோ மலையில் சுர்துலீனா என்ற சின்ன வகை உண்டு. அங்கே அல்பேனிய மொழி பேசும் கிராமத்தாரும் அதை வாசிக்கிறார்கள். வடக்கே போனால் குடும்பமே வேறு. எமிலியாவின் பீவா, பெர்கமோவின் பகெட், ஜெனோவாவுக்குப் பின்னால் உள்ள மலைகளின் மூசா எல்லாம் ஒற்றை ராகக் குழல் கொண்டவை. மூசா அங்கே பிஃபெரோ என்ற சீவாளிக் குழலுக்குத் துணையாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கார்டியன் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சார்டினியாவின் லவுனெட்டாஸையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் பையே கிடையாது. மூன்று நாணல் குழலை வாயில் வைத்து, கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து வாசிப்பார்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். மொலீசேயில் சரமெல்லா என்றால் பை இல்லாத, வாயில் வைத்து ஊதும் குழல். மத்திய இத்தாலியின் அமத்ரீச்சே பக்கம் அதே பெயருக்கு ஒத்து இல்லாத தோல்பைக் குழல் என்று பொருள். ஒலிப்பதிவு தேடும்போது எந்த ஊர் என்று பார்க்காமல் பெயரை மட்டும் நம்பினால் குழம்பிப் போவீர்கள்.

கிறிஸ்துமஸ் வாத்தியம் என்று ஒதுக்கிவைப்பதும் சரியல்ல. டிசம்பர் 8 அமலோற்பவத் திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாளும், பிறகு 16 முதல் 24 வரையும், மலைகளிலிருந்து இடையர்கள் ஆட்டுத்தோல் மேலாடையோடு இறங்கி, ரோமிலும் நேப்பிள்ஸிலும் தெருவோர மாதா உருவங்களின் முன் இருவராக வாசிப்பது பழைய வழக்கம்: ஒருவர் ஸாம்போன்யா, மற்றவர் சரமெல்லா. 1706 முதல் 1710 வரை இத்தாலியில் இருந்த இசையமைப்பாளர் ஹாண்டல், 1741-இல் எழுதிய 'மெசையா' என்ற இசைப்படைப்பில் ஆயர்கள் காட்சிக்கு முன் வரும் இசைப்பகுதிக்கு 'பீஃபா' என்று பெயரிட்டது இவர்களை நினைத்துத்தான். ஆனால் ஊரில் இதே வாத்தியம் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் தரன்தெல்லா, சால்தரெல்லோ ஆட்டங்களுக்கும் ஒலித்தது. நாட்டுப்புற இசை ஆய்வாளர்களான ஆலன் லோமாக்ஸும் தியேகோ கார்ப்பிதெல்லாவும் 1954, 55-இல் கிராமம் கிராமமாகப் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள், தாலாட்டு போன்ற இசை என்ற எண்ணம் போய்விடும். அப்புறம், ஸாம்போன்யாக் கலைஞர்கள் வாசிக்கும் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டு, 'தூ ஷெந்தி தல்லே ஸ்தெல்லே', ஆதிகால ஆயர் பாட்டு அல்ல. அல்ஃபோன்சோ லிகோரி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றியது.

பழமை பேசும்போதும் நிதானம் வேண்டும். நீரோ மன்னன் தோல்பைக் குழல் வாசிப்பதாக நேர்ந்துகொண்டான் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெதோனியுஸ் எழுதியது உண்மை. அதிலிருந்து இன்றைய ஸாம்போன்யா அப்படியே ரோமப் பேரரசிலிருந்து வந்தது என்று தாவுவது எனக்கு ஒப்பவில்லை. பையில் காற்றடைத்து ஊதினார்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

கற்க நினைப்பவர்கள் வேறு வகையில் சறுக்குகிறார்கள். பியானோவோடு ஒத்துப்போகவில்லை, அதனால் சுருதி சரியில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். இந்த வாத்தியத்தின் சுரங்கள் அதன் ஒத்தோடு சேரும்படி வைக்கப்படுபவை. தேன்மெழுகை ஒட்டித் துளையைக் குறுக்கியும் விரித்தும் கலைஞர்கள் சரிசெய்துகொள்வார்கள். நாணல் சீவாளி ஈரத்துக்கும் குளிருக்கும் மாறும் என்பதால் வாசிப்பதற்கு முன் இதற்கென்று நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பையைப் பார்த்து அசல், போலி என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். முழு ஆட்டுத்தோலை ரோமம் உள்பக்கம் இருக்கும்படி கட்டுவது மரபு. இப்போது ரப்பர் பைக்கு மேல் செயற்கை ரோமம் போர்த்துபவர்களும் நல்ல கலைஞர்களே. காற்று கசியக்கூடாது, அவ்வளவுதான். சுவரில் மாட்டுவதற்காகச் செய்த சுற்றுலாக் கடைப் பொருளை வாசிக்கலாம் என்று நம்பி வாங்கவும் வேண்டாம். மொலீசேயின் ஸ்காபொலி கிராமம் இதைச் செய்பவர்களுக்குப் பேர்போனது. கோடையில் அங்கே ஸாம்போன்யா திருவிழாவும் நடக்கிறது. நேரில் போய் ஊதிப் பார்த்து வாங்குவதே நல்லது. சரமெல்லாவும் வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே கைவினைஞரிடம், ஒரே சுருதிக்குச் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டைச் சேர்த்து வைத்துத் திண்டாடுபவர்கள் உண்டு.